முகவரி இல்லாத விடுதலை

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மேற்பிரிவில், லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்பில் இருக்கும் ஒருவருக்கு, நீதிமன்றத்தோடு தொடர்புடைய அலுவலகத்திலிருந்து கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உறையில் அவர் பெயர், தோட்டத்தின் பெயர், தபால் நிலையத்தின் பெயர் மூன்றும் இருக்கும். வீட்டு எண் இருக்காது; பல லயங்களில் அப்படி ஒன்று கிடையாது. தோட்டத்துக்கு வரும் தபால் முழுவதும் ஒரே கட்டாகத் தோட்ட ஆபீசுக்குப் போகும். அங்கே யாராவது பிரித்து, மேற்பிரிவுக்கு ஏறிப்போகிற ஆளிடம் கொடுத்தனுப்ப வேண்டும். அதே பிரிவில் அதே பெயரில் இன்னும் இரண்டு பேர் இருப்பார்கள். மழை பிடித்துக்கொண்டால் கடிதம் மேசையிலேயே கிடக்கும். கடைசியில் அது கைக்கு வந்து, சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிப்பிடித்து விவரம் கேட்கும்போது, வந்து கையெழுத்து வைக்கச் சொன்ன திகதி போய்விட்டிருக்கும்.

அலுவலகத்தின் கோப்பில் அவர் நிபந்தனையை மீறியவர். லயத்தில் அவர் கடிதம் கிடைக்காதவர். சிறைக்கு வெளியே தண்டனையை நிறைவேற்றுவது, சிறையிலிருந்து முன்கூட்டியே விடப்பட்டவரைக் கண்காணிப்பது, இதற்கெல்லாம் எந்தத் திணைக்களம் பொறுப்பாக இருக்க வேண்டும் என்று கொழும்பில் பேசப்படும்போது, இந்தக் கடிதம் போய்ச்சேரும் வழியை யாரும் பேசுவதில்லை. அதனால்தான் அங்கிருந்து தொடங்குகிறேன்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். தமிழ்நாட்டுச் செய்திகளை வாசிப்பவருக்குப் பரோல் என்றால் கைதிக்குக் கிடைக்கும் விடுப்பு. ராஜீவ் காந்தி கொலை வழக்குக் கைதிகளில் நளினி 2019இல் மகளின் திருமண ஏற்பாட்டுக்காக வெளியே வந்ததும், 2021இல் பேரறிவாளனுக்குக் கொடுத்த விடுப்பு மாதாமாதம் நீண்டதும் அந்த வகை. அங்கே அதற்கென 1982ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் இருக்கின்றன. இலங்கையில் அதற்கு நெருக்கமானது வீட்டு விடுமுறை. உலகம் பொதுவாகப் பரோல் என்று சொல்வதற்கு இங்கே நிகரானது அனுமதிப்பத்திர விடுதலை, பேச்சுவழக்கில் லைசன்சில் விடுவது. நீண்டகாலத் தண்டனையில் ஒரு பகுதியைக் கழித்த ஒருவர் நிபந்தனைகளோடு வெளியே வருகிறார். மீறினால் திரும்ப உள்ளே போகிறார். இது சிறைச்சாலைகள் திணைக்களத்தின் வேலை.

ஆனால் சிறைக்கு வெளியே ஒருவரைக் கண்காணிக்கும் வேலை அந்த ஒரு திணைக்களத்தோடு நிற்கவில்லை. 1944ஆம் ஆண்டின் 42ஆம் இலக்கக் குற்றவாளிகள் நன்னடத்தைக் கட்டளைச் சட்டம் வந்தபோது நன்னடத்தைச் சேவை சிறை நிர்வாகத்தோடு சேர்ந்தே இருந்தது. 1956 ஒக்டோபரில் அது பிரிந்து, சிறுவர் பராமரிப்போடு சேர்ந்த தனித் திணைக்களமாயிற்று. 1987இல் 13ஆவது திருத்தம் நன்னடத்தையையும் சிறுவர் பராமரிப்பையும் மாகாண சபைகளின் பட்டியலில் வைத்தது. சிறைச்சாலை மத்திய அரசிடமே இருந்தது. பிறகு, சிறைக்குப் பதிலாகச் சம்பளமில்லாத சமூக வேலை, போதைக்கான சிகிச்சை, ஆலோசனை என்று நீதவான் உத்தரவிடுவதற்கு 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் வந்தது. அதற்கும் ஒரு திணைக்களம், அதுவும் மத்திய அரசில்.

ஆக, ஒரே ஆளின் வாழ்க்கையில் மூன்று கோப்புகள் திறக்கப்படலாம். பதினேழு வயதில் நன்னடத்தை உத்தியோகத்தரிடம் ஒன்று, மாகாணத்தில். இருபத்தைந்து வயதில் கசிப்பு எனும் கள்ளச்சாராய வழக்கில் சமுதாயஞ்சார் சீர்திருத்த உத்தியோகத்தரிடம் ஒன்று, நீதிமன்றத்தை ஒட்டி. முப்பத்தைந்து வயதில் சிறையின் நலன்புரி உத்தியோகத்தரிடம் ஒன்று. முதல் கோப்பில் எழுதியிருப்பது மூன்றாமவர் கண்ணில் படுவதற்கு எந்த வழியும் ஒழுங்காக அமைக்கப்படவில்லை.

மலையக இளைஞர்களுக்கு இந்தப் பிரிவினையால் வரும் சிக்கல் இன்னும் ஒரு படி கூடுதல். தோட்டத்துச் சம்பளம் போதாமல் பதினெட்டு, இருபது வயதில் கொழும்புக்கு இறங்கிப்போய் சாப்பாட்டுக் கடையிலும் புடவைக் கடையிலும் வேலை பார்ப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அங்கே ஒரு சிறு வழக்கில் மாட்டினால் நீதிமன்றம் மேல் மாகாணத்தில், வீடும் தாய் தகப்பனும் மத்திய மாகாணத்தில். வீட்டு நிலவரத்தை விசாரித்து அறிக்கை எழுத வேண்டியவர் எந்த மாகாணத்து உத்தியோகத்தர்? ஒரு மாகாணம் மற்றதுக்கு எழுதி, பதில் வரும்வரை பையன் விளக்கமறியலில் இருப்பான். கடை முதலாளியோ அவன் இடத்துக்கு வேறொரு பையனை வைத்துக்கொண்டிருப்பார்.

நன்னடத்தை உத்தியோகத்தர்களைக் குறைசொல்லும் நோக்கம் எனக்கில்லை. சிறுவர் பராமரிப்பும் அவர்கள் தலையில்தான். தாய் மத்திய கிழக்குக்குப் போய், தகப்பன் குடியில் விழுந்து, பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் மலையகத்தில் எத்தனை என்பது அங்கே ஒரு வாரம் தங்கியவருக்கே தெரியும். அந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டுக் குற்றவாளியான பெரியவரைப் பார்க்கப் போ என்று எந்த உத்தியோகத்தரிடம் சொல்வது?

இனி ஒரு சொல்லைப் பற்றி. கண்காணிப்பு என்ற சொல்லைச் சட்டத்தில் வாசிக்கும்போது அது வெறும் நிர்வாகச் சொல்லாகத் தெரியும். மலையகத்தில் அந்தச் சொல்லுக்கு முகம் உண்டு, தலைப்பாகை உண்டு, கையில் கம்பும் உண்டு. கண்காணிதான் பேச்சில் கங்காணி ஆனார். தென்னிந்தியக் கிராமங்களில் ஆள் சேர்த்து, கடன் கொடுத்து, மலைக்குக் கூட்டிவந்து, பிரட்டுக்களத்தில் எண்ணிக் காட்டியவர் அவர். வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு ஆளுக்கும் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. கண்காணிப்பவரின் வருமானமே கண்காணிக்கப்படுகிறவர் ஓடிப்போகாமல் இருப்பதில் தங்கியிருந்த ஏற்பாடு அது.

அதன் பின்னால் சிறை நின்றது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டப்படி, முன்னறிவித்தல் இல்லாமல் வேலையை விட்டுப் போவதும் வேலைசெய்ய மறுப்பதும் குற்றம். அதற்குச் சிறைத் தண்டனை உண்டு. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் துண்டு வேண்டும். கடன் தீர்ந்தது, அல்லது இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆளை எடுத்துக்கொள்ளலாம் என்று துரை எழுதிக்கொடுக்கும் காகிதம்தான் துண்டு. அந்தக் காகிதம் கையில் இல்லாதவரை வேறு தோட்டம் சேர்க்காது. வேலையை விட்டதற்காகத் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பும் விதிகளுக்கு எதிராகச் சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றவர்கள் குரல் கொடுத்தார்கள். 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கத் தொழிலாளர் கட்டளைச் சட்டம்தான் துண்டு முறையை ஒழித்தது.

இதைப் பழங்கதையாகச் சொல்லவில்லை. நிபந்தனையோடு கூடிய விடுதலையும் ஒரு துண்டுதான். கையில் ஒரு காகிதம், அதில் போகக்கூடிய இடம், போகக்கூடாத இடம், யாரிடம் முகம் காட்ட வேண்டும் என்பது எழுதியிருக்கிறது. கொள்ளுப்பாட்டன் துண்டு இல்லாமல் மலை இறங்க முடியாத குடும்பத்தில் பிறந்தவரிடம் அந்தக் காகிதத்தை நீட்டும்போது, அது அவருக்கு உதவத்தான் என்று அவரை நம்பவைக்கும் கடமை அரசுக்கு மற்ற இடங்களைவிட இங்கே அதிகம்.

நடைமுறைக்கு வருவோம். ஒருவரை அனுமதிப்பத்திரத்தில் விடுவதற்கு முன்னும், சமுதாயஞ்சார் உத்தரவு கொடுப்பதற்கு முன்னும், வீட்டைப் பற்றிய அறிக்கை ஒன்று எழுதப்படுகிறது. எல்லாம் தங்கியிருப்பது அந்த அறிக்கையில்தான். நிலையான வதிவிடம் உண்டா, நிலையான தொழில் உண்டா, ஏற்றுக்கொள்ளும் குடும்பம் உண்டா, கிராம உத்தியோகத்தர் என்ன சொல்கிறார் என்று அது கேட்கிறது. கம்பளைப் பக்கத்துக் கிராமத்தில் ஆறு பேர்ச் காணியில் வீடுள்ளவர் இந்தக் கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுவார். லயத்துக்காரரின் பதில்கள் வேறு. அந்த அறை கம்பனிக் குத்தகையில் இருக்கும் நிலத்தில் நிற்கிறது. அவர் பெயரில் எழுத்து எதுவும் இல்லை. சிறைக்குப் போனதும் செக்ரோல் எனப்படும் தொழிலாளர் பதிவேட்டில் பெயர் போயிருக்கும், இனி அவருக்குக் கைக்காசு வேலைதான். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் அம்மா, தம்பி, தம்பி மனைவி, இரண்டு பிள்ளைகள். ஏற்றுக்கொள்கிறார்களா என்று கேட்டால் ஏற்றுக்கொள்வார்கள். அடுப்படிக்குப் பக்கத்தில் பாய் போட இடம் ஒதுக்குவார்கள். அறிக்கைப் படிவத்தில் அதை எழுதுவதற்குக் கட்டம் கிடையாது.

கிராம உத்தியோகத்தர் என்ன சொல்வார்? அவருக்கு ஆளைத் தெரிந்தால் அல்லவா சொல்வதற்கு. நுவரெலியா மாவட்டத்தில் நீண்டகாலம் ஐந்தே பிரதேச செயலகப் பிரிவுகள் இருந்தன. அவற்றில் அம்பகமுவ, நுவரெலியா இரண்டிலும் 2012 குடிசன மதிப்பீட்டின்படி தலா இரண்டு இலட்சத்துக்கு மேல் மக்கள். நாட்டின் வேறு பகுதிகளில் இதில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவான மக்களுக்கு முழுச் செயலகம் இருக்கிறது. நோர்வூட், தலவாக்கலை என்று புதிய பிரிவுகள் பல வருட இழுபறிக்குப் பிறகுதான் வந்தன. தோட்டத்தில் ஆளைத் தெரிந்தவர்கள் வேறு இருக்கிறார்கள்: தோட்டத் தலைவர், மாதர் சங்கத் தலைவி, பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, கோயில் கமிட்டிக்காரர். ஒருவர் குடியை விட்டுவிட்டாரா, வீட்டில் கை நீட்டுகிறாரா என்பதை இவர்கள் லயத்துச் சுவர் வழியாகவே அறிவார்கள். இவர்களிடம் கேட்கச் சொல்லி எந்த விதியும் வலியுறுத்தவில்லை.

மொழி இன்னொன்று. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தின் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் மலையகத் தமிழர். 1999 நவம்பர் வர்த்தமானி நுவரெலியா, அம்பகமுவ உள்ளிட்ட பிரிவுகளை இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவித்தது. அதிலிருந்து கால் நூற்றாண்டு போய்விட்டது. ஆனாலும் நிபந்தனைகளை வாசித்துக் காட்டி விளங்கியதா என்று கேட்கும் அந்த ஐந்து நிமிடத்தில், தலையாட்டிவிட்டுக் கையெழுத்து வைக்கிற தமிழரைத்தான் இன்றும் காண்கிறோம். விளங்காத நிபந்தனையை மீறியதற்காக ஒருவர் சிறைக்குத் திரும்புவதை எந்தச் சட்டத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

பிறகு நாள் கணக்கு. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பேர் என்று சொல்வார்கள். குறித்த கிலோ கொழுந்து வராவிட்டால் அரைப் பேர். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. மேற்பிரிவிலிருந்து இறங்கி, பஸ்ஸுக்குக் காத்திருந்து, ஹட்டனுக்குப் போய், உத்தியோகத்தர் நீதிமன்றத்திலிருந்து வரும்வரை இருந்து, கையெழுத்து வைத்துத் திரும்பினால் ஒரு பேர் முழுதாகப் போய்விடும். வாரத்துக்கு ஒருமுறை என்றால் அந்தச் சம்பளத்தில் மாதத்துக்கு 5,400 ரூபா. பஸ் காசு தனி. ஹட்டன் நகரத்தில் இருப்பவருக்கு அதே கையெழுத்துக்குப் பத்து நிமிட நடை. சட்டத்தின் முன் இருவரும் சமம் என்றுதான் உத்தரவில் எழுதியிருக்கும்.

சிறையின் நெரிசலும் இதே கணக்கிலிருந்துதான் வருகிறது. இலங்கையில் ஆண்டுதோறும் தண்டனை பெற்றுச் சிறைக்கு வருவோரில் பாதிக்கு மேற்பட்டோர் தண்டப்பணம் கட்ட முடியாமல் வருபவர்கள். கசிப்பு வடித்த வழக்கில் பிடிபட்ட தோட்டத்துப் பெண் இதில் ஒருவர். நீதவான் விரும்பியது சிறையை அல்ல, தண்டத்தை. அந்தப் பெண்ணிடம் இல்லாததும் அதுதான். 2020 நவம்பர் 29 அன்று மஹர சிறையில் கலவரம் வெடித்து 11 கைதிகள் இறந்தபோது, அங்கே கொள்ளளவைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலானவர்கள் அடைபட்டிருந்தார்கள். அடுத்த மாதமே மனித உரிமைகள் ஆணைக்குழு 20 சிறைகளை ஆராய்ந்து எழுதிய அறிக்கையை வெளியிட்டது. சிறைக்கு வெளியே தண்டனையை நிறைவேற்றும் வழியைச் சரியாக்குவது கருணை சார்ந்த விஷயம் என்று நினைப்பவர்கள் மஹரவை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒழுங்கான வழி பலவீனமாக இருப்பதால் அதன் இடத்தை மன்னிப்பு பிடித்துக்கொண்டது. அரசியலமைப்பின் 34ஆவது உறுப்புரைப்படி ஜனாதிபதி மன்னிக்கலாம். வெசாக், சுதந்திர தினம், நத்தார் என்று பட்டியல்கள் வரும். செல்வாக்குள்ளவர்களுக்கு அது தனிக் கதவாகத் திறந்ததும் உண்டு. 2019இல் ரோயல் பார்க் கொலை வழக்குக் கைதிக்கும், 2021இல் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்கும் கொடுத்த மன்னிப்புகளை 2024இல் உயர் நீதிமன்றம் செல்லாதென்று தீர்ப்பளித்தது. 2025 வெசாக்கில் ஜனாதிபதியின் பட்டியலிலேயே இல்லாத ஒருவர் அநுராதபுரம் சிறையிலிருந்து வெளியே போனது தெரியவந்து, விசாரணையில் சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகமே கைதானார். மன்னிப்பில் வெளியே வருகிறவருக்கு முன்னால் வீட்டு அறிக்கை இல்லை, பின்னால் உத்தியோகத்தர் இல்லை. தண்டத்துக்காக உள்ளிருந்த தோட்டத் தொழிலாளியும் வெசாக் காலையில் அப்படித்தான் வாசலில் விடப்படுவார். கண்டிச் சிறையிலிருந்து வீடு போய்ச்சேர்வது அவர் பாடு.

இந்த நிலையில்தான், எல்லாக் கண்காணிப்பையும் சிறைச்சாலைகள் திணைக்களத்தின் கீழ் ஒன்றாக்கிவிடலாம் என்ற யோசனைக்கு ஒரு கவர்ச்சி வருகிறது. அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆளை ஐந்து வருடம் பார்த்தவர்கள் சிறைக்காரர்கள்; கோப்பு ஒன்றாகும்; மாகாண எல்லை மறையும். தமிழ்நாட்டில் நன்னடத்தைப் பிரிவு சிறைத்துறையோடு சேர்ந்தே இயங்குகிறது. இங்கிலாந்து 2004இல் சிறையையும் நன்னடத்தையையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்தது. பிறகு 2014இல் நன்னடத்தையின் பெரும்பகுதியைத் தனியாரிடம் கொடுத்து, தோற்று, 2021 ஜூனில் திரும்ப அரசிடமே எடுத்துக்கொண்டது. அந்த இழுபறியில் அனுபவமுள்ள உத்தியோகத்தர்கள் விட்டுப்போனார்கள், ஒருவர் கையிலிருந்த ஆட்களின் எண்ணிக்கை ஏறியது. பெயர்ப்பலகை மாறிய ஒவ்வொரு முறையும் அடிபட்டது உத்தியோகத்தருக்கும் அவர் பொறுப்பிலிருந்த ஆளுக்கும் இடையிலான பழக்கம்தான்.

ஒரே கோப்பு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரே திணைக்களம், அதுவும் சிறைத் திணைக்களம், என்பதை நான் ஏற்கவில்லை. மலையகத்து நீண்டகாலக் கைதிகள் பலர் கண்டியை ஒட்டிய தும்பறைச் சிறையில் இருக்கிறார்கள். 2014 ஜனவரியில் கண்டியின் போகம்பறைச் சிறையை மூடியபோது அங்கிருந்த கைதிகளைத் தும்பறைக்கு மாற்றினார்கள். தும்பறையிலிருந்து ஓர் உத்தியோகத்தர் மஸ்கெலியாத் தோட்டமொன்றுக்கு வந்து திரும்ப ஒரு நாள் முழுவதும் வேண்டும். நெரிசலில் மூச்சுத் திணறும் திணைக்களம் அந்த ஒரு நாளை எத்தனை முறை கொடுக்கும்? வந்தாலும், ஜெயிலிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்ற செய்தி அவர் லயத்து வாசலை அடையும் முன்னரே பிள்ளைகளின் பள்ளிக்கூடம்வரை போய்விடும்.

தமிழர்களுக்கு இதில் இன்னொரு நினைவும் உண்டு. போர் முடிந்த 2009க்குப் பிறகு புனர்வாழ்வு பெற்று வெளியே வந்த ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகளிடம், விடுதலைக்குப் பின்னான கண்காணிப்பு எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வந்து கேள்வி கேட்டவர் யாருடைய ஆள் என்பது அவர்களில் பலருக்குத் தெரியவே தெரியாது. சீருடையும் உளவும் கலந்த கண்காணிப்பு குடும்பங்களை ஒதுங்க வைத்தது. வேலை கொடுக்க இருந்தவர்களைப் பின்வாங்க வைத்தது. புதிதாக ஒழுங்கமைக்கப்படும் எதுவும் அந்தச் சாயலில் வரக்கூடாது.

கண்காணிக்கும் உத்தியோகத்தர் பிரதேச செயலகத்தில் உட்கார வேண்டும் என்பது என் கருத்து. சமூக சேவை, மகளிர் அபிவிருத்தி, சிறுவர் உரிமை, உளவள ஆலோசனை உத்தியோகத்தர்கள் ஏற்கனவே அங்கேதான் இருக்கிறார்கள். அங்கே போய்வருகிறவரைப் பார்த்து எந்த அலுவலாகப் போனார் என்று யாராலும் ஊகிக்க முடியாது. முதியோர் கொடுப்பனவுக்கும் அதே படிதான். சிறை, நீதிமன்றம், மாகாணம் மூன்றிலிருந்தும் வரும் ஆட்களுக்கு அவர் ஒருவரே பொறுப்பாக இருக்கலாம். தமிழில் பேசக்கூடியவராக, மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கே வருபவராக இருந்தால், யாருக்கும் பேர் போகாது. சமூக வேலை உத்தரவு ஆளின் சொந்தப் பிரிவிலேயே நிறைவேற வேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. சம்பளமில்லாத வேலை என்ற பெயரில் எவரையும் தேயிலை மலைக்குள் இறக்கக்கூடாது. கம்பனியின் இலாபத்துக்கு ஒரு கூடை கொழுந்துகூட அந்தக் கைகளிலிருந்து போகக்கூடாது. 1865இன் சட்டத்தை வேறு பெயரில் திரும்பக் கொண்டுவருவதாக அது முடியும். வேலை பொதுவானதாக இருக்க வேண்டும்: பள்ளிக்கூடம், வாசிகசாலை, பிள்ளைக் காம்பரா, பாதை. தோட்டத்துப் பாதையில் பிரதேச சபை கை வைப்பதற்கு நீண்டகாலம் சட்டமே தடையாக இருந்தது. 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தித் தோட்டக் குடியிருப்புகளுக்கும் சேவை செய்ய வழி திறந்தார்கள்.

ஆகவே வேலைக்குப் பஞ்சமில்லை. மேற்பிரிவு லயத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு இறங்கும் பாதையின் ஒரு பக்கத்தை மழை அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. பிள்ளைகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கொழுந்துச் செடியைப் பிடித்தபடி அந்த இடத்தைக் கடக்கிறார்கள். கல் அடுக்கத் தெரிந்த ஆள் அந்த லயத்திலேயே இருக்கிறார். அவர் இன்று காலை ஒரு பேரை விட்டுவிட்டு, முதல் பஸ்ஸில் ஹட்டனுக்குப் போயிருக்கிறார், அலுவலக முற்றத்தில் புல் வெட்ட.